வேலையை விட்டுப் படிப்பதும் வேலையோடு படிப்பதும்

இலண்டனிலிருந்து வரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் உலக வணிகப் பள்ளிகளை ஆண்டுதோறும் தரவரிசைப்படுத்துகிறது. அதில் ஐஐஎம் அகமதாபாத்தைத் தேடிப் போகிறவர் ஒரு வியப்பைச் சந்திப்பார். லட்சக்கணக்கான இளைஞர்கள் கேட் தேர்வு எழுதி இடம்பிடிக்கப் போராடும் அதன் புகழ்பெற்ற ஈராண்டுப் படிப்பான பிஜிபி, உலக எம்பிஏ பட்டியலில் இல்லை. ‘மாஸ்டர்ஸ் இன் மேனேஜ்மென்ட்’ என்ற வேறொரு பட்டியலில் இருக்கிறது. இளநிலைப் பட்டம் முடித்த கையோடு சேருகிறவர்களுக்கான படிப்புகளின் பட்டியல் அது. எம்பிஏ பட்டியலில் இடம்பெறுவது அதே வளாகத்தில் நடக்கும் பிஜிபிஎக்ஸ் என்னும் ஓராண்டுப் படிப்பு. நம் ஊரில் ‘எக்சிகியூட்டிவ் எம்பிஏ’ என்று தனியாகப் பிரித்து, கொஞ்சம் மாற்றுக் குறைவாகவே பேசப்படுவது அது.

இந்த வகைப்பாட்டுக்குப் பின்னால் அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அகமதாபாத் நிறுவனம் 1961 டிசம்பரில், ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்டது. அதற்கு ஒரு மாதம் முன்பு தொடங்கிய கல்கத்தா நிறுவனத்துக்கு எம்ஐடியின் சுலோன் பள்ளி துணை நின்றது. ஹார்வர்டிலிருந்து பாடமுறை வந்தது. கேஸ் ஸ்டடி வந்தது. மாணவர்கள்தான் வேறு மாதிரி அமைந்தார்கள். அமெரிக்காவின் முன்னணிப் பள்ளிகளில் இன்று எம்பிஏ சேருகிறவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டு வேலை பார்த்தவர். இங்கே பொறியியல் முடித்த 22 வயதுப் பிள்ளை நேராக வகுப்பில் வந்து உட்கார்ந்தது. படிப்பையெல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வேலைக்குப் போ, அதன்பின் கல்யாணம் என்பது இந்திய நடுத்தர வீடுகளின் கால அட்டவணை. நிறுவனங்களும் தாங்கள் விரும்பியபடி வளைத்துக்கொள்ளக்கூடிய இளம் பயிற்சியாளர்களையே கேட்டன. அதனால் ஆலை வேலைநிறுத்தத்தை எப்படிக் கையாள்வது, விநியோகஸ்தருக்கு எத்தனை நாள் கடன் கொடுப்பது என்ற கேள்விகளை, ஒரு மாதச் சம்பளம்கூட வாங்கியிராதவர்கள் விவாதித்தார்கள். அவர்களில் பலர் பிற்காலத்தில் பெரிய நிர்வாகிகள் ஆனார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் படிப்பு உலகம் எம்பிஏ என்று சொல்லும் வகையைச் சேர்ந்ததாக இல்லாமல் போயிற்று.

ஐந்தாறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ‘இப்போதுதான் நிர்வாகம் என்றால் என்னவென்று புரிகிறது, படிக்க வேண்டும்’ என்று வந்தவர்களுக்கு இங்கே பல காலம் பொருத்தமான இடம் இல்லை. 1957இல் நிறுவப்பட்ட பிரான்சின் இன்சியாட் தொடக்கம் முதலே ஓராண்டு எம்பிஏ வடிவத்தைப் பின்பற்றியது. இந்தியாவில் அந்த வடிவம் பெரிய அளவில் வந்தது 2001இல் ஹைதராபாத்தில் ஐஎஸ்பி திறந்தபோதுதான். கெலாக் பள்ளியின் பேராசிரியராக இருந்த புதுக்கோட்டைச் சீமைக்காரர் பாலா பாலச்சந்திரன் 2004இல் சென்னையில் கிரேட் லேக்ஸைத் தொடங்கியபோதும் ஓராண்டுப் படிப்பையே முன்னிறுத்தினார். அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ் 2006இல் வந்தது. பெங்களூரு, கல்கத்தா, லக்னோ நிறுவனங்களும் அதே வழியில் சென்றன. ஆக, இந்தியாவில் ஓராண்டு முழுநேர ‘எக்சிகியூட்டிவ்’ படிப்பாக விற்கப்படுவதுதான் உலக வழக்கில் சாதாரண எம்பிஏ. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உலகம் எக்சிகியூட்டிவ் எம்பிஏ என்று சொல்வது வேறு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதைத் தொடங்கியது. பொறுப்பான நாற்காலியில் இருப்பவர், அதை விட்டு எழுந்திருக்க முடியாதவர், எழுந்திருக்கவும் வேண்டாதவர் ஆகியோருக்காக அது உருவாயிற்று. வேலை தொடரும், வகுப்பு வார இறுதியிலோ மாதத்தில் சில நாட்களிலோ நடக்கும். அதில் சேருகிறவர்கள் பெரும்பாலும் முப்பதுகளின் பிற்பகுதியில் இருப்பவர்கள். வார்ட்டன் போன்ற பள்ளிகள் முழுநேர மாணவருக்கும் எக்சிகியூட்டிவ் மாணவருக்கும் ஒரே பட்டத்தைத்தான் தருகின்றன. ஹார்வர்டும் ஸ்டான்ஃபோர்டும் இந்த வடிவத்தை இன்றுவரை ஏற்கவில்லை. ஹார்வர்டு 1945 முதல் மூத்த நிர்வாகிகளுக்குத் தனிப் பயிற்சி நடத்துகிறது. அதற்கு எம்பிஏ பட்டம் கிடையாது. இந்தியாவிலும் வேலையில் இருப்பவர்களுக்கு நிர்வாகம் கற்பிக்கும் எண்ணம் ஐஐஎம்களைவிடப் பழையது. ஹைதராபாத்தின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஸ்டாஃப் காலேஜ் 1956இலேயே தொடங்கப்பட்டது. இன்று பெங்களூரு ஐஐஎம்மின் வார இறுதிப் படிப்பு, திருச்சி ஐஐஎம் சென்னையில் நடத்தும் வார இறுதிப் படிப்பு, நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்தில் லிபா வேலைபார்ப்பவர்களுக்காக நடத்தும் படிப்பு ஆகியவையே உண்மையில் சிகாகோ மரபின் பிள்ளைகள்.

விளம்பரங்கள் இந்த வடிவங்களை நேர அட்டவணைகளாகக் காட்டுகின்றன: முழுநாளா, வார இறுதியா, வீட்டிலிருந்தபடியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் நீங்கள் இப்போது பார்க்கும் வேலையோடு செய்துகொள்ளும் வெவ்வேறு ஒப்பந்தம். முழுநேரப் படிப்பு உங்களை அந்த வேலையிலிருந்து பிரித்தெடுக்கிறது. பிரித்தெடுப்பதுதான் அதன் பெரிய சேவை. வளாகத்துக்கு நிறுவனங்கள் வருகின்றன. மென்பொருள் சோதனை செய்துகொண்டிருந்தவர் ஆலோசனை நிறுவனத்திலோ வங்கியிலோ நுழைய ஒரு வாசல் திறக்கிறது. வார இறுதிப் படிப்பில் அந்த வாசல் பெரும்பாலும் இல்லை. மாணவர் எல்லோரும் எங்கேயோ வேலையில் இருப்பவர்கள். சிலருக்கு நிறுவனமே கட்டணம் செலுத்துகிறது. அப்படிப்பட்டவர்களுக்குக் கல்லூரி பிளேஸ்மென்ட் நடத்தினால் அனுப்பிய நிறுவனத்துக்கு என்ன பதில் சொல்லும்? இருக்கிற பாதையில் இன்னும் மேலே ஏறுவதற்கு உதவும் படிப்பு அது. ஆனால் பாதையை மாற்றும் ஆசையோடு, வேலையை விடும் துணிச்சல் இல்லாமல், வார இறுதிப் படிப்பில் சேருகிறவர்கள் நம்மிடையே மிக அதிகம். இரண்டு ஆண்டு சனி ஞாயிறுகளைக் கொடுத்துவிட்டுப் பழைய மேலாளரின் முன்னாலேயே நிற்கும்போது அவர்களுக்கு வரும் ஏமாற்றம், படிப்பின் தரத்தால் வந்தது ஆகாது.

எம்பிஏ சம்பளத்தை உயர்த்துகிறதா என்ற கேள்வியை ஆய்வாளர்கள் விடாமல் துருவியிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜெஃப்ரி ஃபெஃபரும் கிறிஸ்டினா ஃபாங்கும் 2002இல் எழுதிய கட்டுரை வணிகப் பள்ளிகளுக்குள்ளேயே புயலைக் கிளப்பியது. எம்பிஏ பட்டமோ அதில் வாங்கிய மதிப்பெண்ணோ தொழில் வாழ்வின் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு என்பது அவர்கள் வாதம். 2008இல் பீட்டர் ஆர்சிடியாகோனோவும் அவருடைய சகாக்களும் வேறொரு வழியில் பார்த்தார்கள். எம்பிஏ படித்தவரையும் படிக்காதவரையும் ஒப்பிடுவதோடு நிற்காமல், ஒரே மனிதரின் சம்பளம் படிப்புக்கு முன் எப்படி, பின் எப்படி என்று கணக்கிட்டார்கள். எம்பிஏ சேருகிறவர் ஏற்கெனவே வேலை பார்த்தவர் என்பதால் இது சாத்தியமாயிற்று. அந்த மனிதரின் சொந்தத் திறமையை இப்படிப் பிரித்தெடுத்ததும், பட்டத்தால் வந்ததாகத் தோன்றிய ஆதாயம் பொதுவாகச் சுருங்கியது. நன்றாக ஓடக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் ஓடியதும் பெருமையைப் பள்ளி எடுத்துக்கொள்கிறது என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

எக்சிகியூட்டிவ் எம்பிஏவைப் பொறுத்தவரை இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும். அதன் தரவரிசைகள் படிப்பு முடித்து மூன்று ஆண்டு ஆனவர்களிடம் சம்பளம் கேட்டு, அதற்குக் கணிசமான எடை கொடுக்கின்றன. முப்பத்தெட்டு வயதில் துணைப் பொதுமேலாளராக இருந்தவர் நாற்பத்து மூன்றில் தலைமைப் பொறுப்புக்கு வருவது, படிக்காமல் இருந்தாலும் நடந்திருக்கக்கூடியதே. அதில் வகுப்பறையின் பங்கு எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. முழுநேரப் படிப்பில் இந்தச் சிக்கல் சற்றுக் குறைவு. அங்கே வேலை அறுந்து, புதிய வேலை தொடங்குகிறது, மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது.

மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்து, பின்னர் நோபல் பரிசு பெறக் காரணமான கருத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டம் என்பது கற்றதற்கான சான்று மட்டுமன்று. முதலாளிக்குத் தெரியாத ஒன்றை, அதாவது இவர் திறமைசாலி என்பதை, அறிவிக்கும் சமிக்ஞை. இதை வடிவங்களோடு பொருத்தினால் ஒன்று தெளிவாகிறது. உங்களை அறியாத முதலாளிக்கு நுழைவுத்தேர்வின் கடினமே சமிக்ஞை. ஜிமேட் மதிப்பெண்ணும் நிறுவனப் பெயரும் அங்கே பேசும். பத்து ஆண்டாக உங்களைப் பார்த்துவரும் முதலாளிக்குச் சமிக்ஞை தேவையில்லை. அவர் பார்ப்பது நீங்கள் புதிதாக என்ன செய்கிறீர்கள் என்பதை. வேலையோடு படிப்பவர் சமிக்ஞைக்காகப் பணம் கட்டினால் அது வீண். கற்பதற்காகக் கட்டினால் பலன் உண்டு.

பணக் கணக்கைப் பலர் கட்டணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். விட்டுக்கொடுக்கும் சம்பளமும் செலவுதான். கையில் மாதம் 1.25 லட்சம் ரூபாய் வாங்கும் 32 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஓராண்டு முழுநேரப் படிப்புக்குக் கட்டணமும் தங்குமிடமுமாக 35 லட்சம் என்று வைத்தால், இழக்கும் சம்பளம் 15 லட்சத்தையும் சேர்த்து உண்மைச் செலவு 50 லட்சம். ஈராண்டு வார இறுதிப் படிப்புக்கு 18 லட்சம் என்று வைத்தால், சம்பள இழப்பு இல்லை. இரண்டுக்கும் இடைவெளி 32 லட்சம். முழுநேரம் படித்ததால் மாதச் சம்பளம், வார இறுதியில் படித்திருந்தால் கிடைக்கக்கூடியதைவிட 50,000 ரூபாய் கூடுதலாக அமைந்தால் ஐந்தரை ஆண்டுக்குள் இந்த இடைவெளி அடைபடும். 25,000 மட்டுமே கூடுதல் என்றால் ஏறக்குறைய பதினோரு ஆண்டு. முப்பத்திரண்டில் பதினோரு ஆண்டு பெரிய விஷயமன்று. நாற்பத்து நான்கில் அது மீதிப் பணிக்காலத்தின் பெரும்பகுதி.

கடன் வாங்கினால் கணக்கு இன்னும் இறுகும். 30 லட்சம் ரூபாயை 10 சதவிகித வட்டியில் பத்து ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 39,600 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 17.5 லட்சத்தைத் தாண்டியிருக்கும். கல்விக்கடன் வட்டிக்கு வருமான வரியில் கழிவு உண்டு, சொந்தப் படிப்புக்கும் உண்டு. ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவருக்குத்தான். புதிய வரிமுறைக்கு மாறியவர்கள் இந்தச் சலுகையைக் கணக்கில் எழுதக்கூடாது. வீட்டுக்கடன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரருக்கு, ஓராண்டு வருமானம் நிற்பது என்பது மனைவி அல்லது கணவரின் சம்பளத்தை நம்பிக் குடும்பமே எடுக்கும் முடிவு. அதை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, தவணைத் தேதிகளைத் தாளில் எழுதிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். கல்லூரி அனுப்பும் ஆலோசகரிடம் தொலைபேசியில் பேசி எடுக்கக்கூடாது.

நிறுவனமே செலவை ஏற்றால்? கேரி பெக்கர் 1964இல் எழுதிய மனித மூலதனக் கோட்பாட்டின்படி நிறுவனம் ஏற்கவே கூடாது. எங்கு போனாலும் பயன்படும் பொதுத் திறமைக்கு முதலாளி பணம் போட்டால், அந்தத் திறமையோடு ஊழியர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார். ஆனால் நடைமுறையில் நிறுவனங்கள் பணம் தருகின்றன. வார்ட்டனின் பீட்டர் காப்பெல்லி 2004இல் இதை ஆராய்ந்தபோது, படிப்புக்கு உதவும் நிறுவனங்களுக்குத் தரமான ஊழியர்கள் வருகிறார்கள், அவர்கள் கூடுதல் காலம் தங்கவும் செய்கிறார்கள் என்று கண்டார். இந்தியாவில் இதோடு ஒரு பாண்டும் சேர்ந்து வரும். படித்து முடித்தபின் இத்தனை ஆண்டு வேலை பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். இது வெறும் மிரட்டல், நீதிமன்றத்தில் நிற்காது என்று அலுவலகங்களில் அலட்சியமாகச் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தது 3 ஆண்டு பணிபுரிய வேண்டும், முன்பே விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது படிப்புக்கான பாண்டு அன்று, வேலைக்குச் சேரும்போது போட்டது. என்றாலும் நியாயமான பாண்டை நீதிமன்றம் மதிக்கும் என்பதற்கு அது போதும்.

நிறுவனத்திடம் பணத்தைவிட முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. வகுப்பு நாட்களில் அழைக்க மாட்டோம் என்ற உறுதியும், படிப்பு முடிந்தபின் பொறுப்பு எப்படி மாறும் என்ற பேச்சும். இவ்விரண்டும் எழுத்தில் இல்லாவிட்டால், கட்டணத்தில் பாதியை நிறுவனம் ஏற்பதால் மட்டும் பெரிய நன்மை வந்துவிடாது.

வேலையோடு படிப்பதன் உண்மையான பலத்தை என் வாசிப்பில் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் அளவுக்கு அழுத்தமாகச் சொன்னவர் இல்லை. மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியரான அவர், நிர்வாகம் என்பது அனுபவமில்லாதவருக்குக் கற்றுத்தரக்கூடிய அறிவியல் ஆகாது என்று 2004இல் ஒரு முழு நூலாகவே வாதிட்டார். ஏற்கெனவே நிர்வாகம் செய்பவர் வகுப்புக்கு வரவேண்டும், தன் அனுபவத்தை அங்கே வைத்து யோசிக்க வேண்டும், திரும்பிப் போய் அலுவலகத்தில் செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த நூலுக்கு முன்பே, 1996இல் சில பள்ளிகளைச் சேர்த்து அப்படியொரு படிப்பையும் தொடங்கியிருந்தார். இங்கிலாந்தின் லங்காஸ்டர், கனடாவின் மெக்கில், பெங்களூரு ஐஐஎம், ஜப்பான், பிரான்சின் இன்சியாட் என்று ஐந்து இடங்களில் ஐந்து கட்டங்கள். தன் உலகத்துக்கு வெளியே நின்று பார்க்கும் பார்வையை வளர்க்கும் கட்டம் பெங்களூருக்கு ஒதுக்கப்பட்டது. ஐரோப்பிய நிர்வாகிகள் அதற்காக அங்கே வந்து உட்கார்ந்தார்கள்.

மின்ட்ஸ்பெர்க்கின் வாதத்தை நான் பெரும்பாலும் ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. வேலை ஆய்வுக்கூடமாக இருக்க வேண்டுமானால் அதில் சோதனை செய்ய இடம் இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் வாகன உதிரிபாக ஆலையில் 80 பேரை மேய்க்கும் உற்பத்தி மேலாளருக்கு இருக்கிறது. சனிக்கிழமை சரக்கிருப்புச் செலவைப் பற்றி வகுப்பு, திங்கட்கிழமை தன் கிடங்கிலேயே அதைப் பார்க்கலாம். அடுத்த சனிக்கிழமை ஆசிரியரிடம் ‘நீங்கள் சொன்னது என் ஆலையில் ஓடவில்லை’ என்று சண்டையும் போடலாம். அந்தச் சண்டையில்தான் கல்வி இருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் எங்கோ ஒரு வாடிக்கையாளரின் மென்பொருளில் ஒரே ஒரு பகுதியைப் பராமரித்துக்கொண்டிருக்கும் பொறியாளருக்கு, பாவம், அந்த வாய்ப்பே இல்லை. செலவு, விலை, ஆட்சேர்ப்பு எதிலும் அவருக்குச் சொல் கிடையாது. அவருக்கு வார இறுதிப் படிப்பு புத்தகப் படிப்பாகவே முடியும். முழுநேரப் படிப்பு அவருக்குத்தான் அதிகம் தேவை, அவர்தான் அதற்கு அதிகம் தயங்குகிறார் என்பது வருத்தமான முரண்.

குடும்பத் தொழில் செய்கிறவர்கள் இதில் தனி வகை. திருப்பூர் பின்னலாடை, சிவகாசி அச்சுத்தொழில், கோவை பம்புசெட் வீடுகளின் பிள்ளைகளுக்குப் பிளேஸ்மென்ட் தேவையில்லை, சமிக்ஞையும் தேவையில்லை. சில நாள் வகுப்பு, பல நாள் ஆலை என்று மாறி மாறி நடக்கும் வடிவம் அவர்களுக்குக் கச்சிதம். ஐஎஸ்பியும் மும்பையின் எஸ்பி ஜெயின் நிறுவனமும் அதற்கென்றே படிப்புகள் வைத்திருக்கின்றன. அப்பாவும் சித்தப்பாவும் ஒப்புக்கொள்ளாமல் எதையும் மாற்ற முடியாது என்ற நிலையில், அந்த வகுப்பில் அதே நிலையில் இருக்கும் இன்னும் நாற்பது பேரைச் சந்திப்பதே அரைப்படிப்பு.

பக்கத்தில் உட்காருவது யார் என்ற இந்தக் கேள்வி எல்லோருக்கும் உரியது. மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலை பற்றிய செய்தி நெருங்கிய நண்பர்களைவிட அவ்வப்போது பார்க்கும் தூரத்துத் தெரிந்தவர்களிடமிருந்தே அதிகம் வருகிறது என்று காட்டியது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரியும். தூரத்தவர்கள் வேறு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சென்னை வார இறுதி வகுப்பில் சக மாணவர்கள் பெரும்பாலும் அதே ஊரின் தகவல் தொழில்நுட்ப, வாகனத் துறை ஆட்கள். சென்னையிலேயே வளர நினைப்பவருக்கு அது வரம். ஊரையும் துறையையும் மாற்ற நினைப்பவருக்குக் குறை. வளாகத்தில் தங்கிப் படிக்கும் ஓராண்டில் கடற்படை அதிகாரியும் மருந்து விற்பனை மேலாளரும் வங்கிக்காரரும் ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிடுகிறார்கள். இணையவழியில் இது மிகவும் குறைந்துவிடுகிறது. திரையில் தெரியும் பெயர்களோடு பழக்கம் வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். ஆகவே, எந்தக் கல்லூரியானாலும் கடந்த ஆண்டு வகுப்பில் இருந்தவர்களின் வயது, துறை, ஊர் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். பாடத்திட்டத்தைப் படிப்பதைவிட அது பயன் தரும். பாடத்திட்டங்கள் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன.

பெண்களுக்கு இந்தத் தேர்வில் இன்னொரு சுமை சேர்கிறது. மரியான் பெர்ட்ராண்ட், கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸ் மூவரும் சிகாகோ எம்பிஏ பட்டதாரிகளைப் பின்தொடர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. படித்து முடித்ததும் ஆண் பெண் சம்பளம் ஏறக்குறைய சமம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய பள்ளம் விழுந்துவிடுகிறது. அதற்கு முக்கியக் காரணங்கள் வேலையில் வரும் இடைவெளியும் குறையும் வேலை நேரமும். இவ்விரண்டும் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றோடு வருகின்றன. சந்தை இடைவெளியைக் கடுமையாகத் தண்டிக்கிறது என்பது இதிலிருந்து தெரிவது. அப்படியானால், ஏற்கெனவே பிள்ளைக்காக இரண்டு ஆண்டு வீட்டில் இருந்த பெண் மறுபடி வேலைக்கு வர விரும்பும்போது, ஓராண்டு முழுநேரப் படிப்பு அந்த இடைவெளியை நிறுவனங்களின் கண்ணில் வேறாக மாற்றிக்காட்டும் வலிமை கொண்டது. வளாகத்துக்கு வரும் நிறுவனம் அவரைப் புதிய பட்டதாரியாகப் பார்க்கிறது. நல்ல வேலையில் தொடர்ந்து இருக்கும் பெண்ணுக்கு வார இறுதி வடிவம் இடைவெளியைத் தவிர்க்கிறது. ஆனால் சனி ஞாயிறு என்பது பெரும்பாலான தமிழ் வீடுகளில் பெண்ணுக்கு ஓய்வு நாளே அன்று. துணி, சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம், மாமியாரின் மருத்துவமனைச் சந்திப்பு எல்லாம் அந்த இரண்டு நாளில்தான் குவிகின்றன. அந்த வேலைகளை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று பேசி முடிக்காமல் சேரும் பெண், அலுவலகம், வீடு, கல்லூரி என்று மூன்று வேலை பார்ப்பார். ஆண்கள் பொதுவாக இந்தப் பேச்சைப் பேசாமலே சேர்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்காக யாரோ அதைச் சுமக்கிறார்கள்.

சட்டப் பக்கத்தில் சில செய்திகளைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக்கூடாது. ஐஐஎம்கள் 2018 ஜனவரி 31 வரை பட்டம் தர அதிகாரம் இல்லாதவை, பட்டயம்தான் தந்தன. ஐஐஎம் சட்டம் 2017 நடைமுறைக்கு வந்தபின்தான் எம்பிஏ பட்டம் தரும் உரிமை வந்தது. அதன்பிறகும் அவை நடத்தும் எல்லாப் படிப்புக்கும் பட்டம் கிடைப்பதில்லை. சில மாதம் இணையத்தில் நடக்கும் சான்றிதழ்ப் படிப்புகள் அதே பெயர்ப்பலகையின் கீழ், அதே சின்னத்தோடு, எம்பிஏவுக்கு மிக நெருக்கமான தலைப்புகளில் விற்கப்படுகின்றன. வித்தியாசம் அறிய எளிய வழி ரசீது. சட்டம் அங்கீகரித்த தகுதி தரும் கல்விக்கு ஜிஎஸ்டி கிடையாது. குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு 18 சதவிகிதம் உண்டு. ரசீதில் ஜிஎஸ்டி இருந்தால் நீங்கள் வாங்குவது பட்டம்தானா என்று கட்டாயம் கேளுங்கள். அந்தப் பயிற்சிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. நிதியறிக்கை படிக்கத் தெரியாத பொறியாளருக்கு மூன்று மாதப் பயிற்சி போதுமானால் எம்பிஏ தேவையே இல்லை. அதை எம்பிஏ என்று நம்பவைத்து விற்பதைத்தான் மன்னிக்க முடியாது.

தொலைநிலை, இணையவழிப் பட்டங்களை இரண்டாந்தரமாகப் பார்க்கும் பழக்கம் இங்கே ஆழமானது. சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தரும் தொலைநிலை, இணையவழிப் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம். 2022 செப்டம்பரில் குழு இதை மறுபடி அறிவித்தது. பதவி உயர்வுக்கு முதுநிலைப் பட்டம் கட்டாயம் என்ற விதி உள்ள இடத்தில் இருப்பவருக்கு, தாலுக்கா ஊரில் வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவருக்கு, இக்னோவின் எம்பிஏ செய்யும் உதவியை லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் படிப்பு செய்யாது. ஆனால் ‘அங்கீகாரம் பெற்ற’ என்ற நிபந்தனையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபார்க்க வேண்டும். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் போதாது. அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு, அந்தக் குறிப்பிட்ட கல்வியாண்டுக்கு இருக்கிறதா என்று மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் பார்க்க வேண்டும். கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களின் பெயரில் கிளை நடத்துவதுபோல் பட்டம் விற்பதை 2022 ஜனவரியில் மானியக் குழுவும் ஏஐசிடிஇயும் கண்டித்து எச்சரித்தன. பட்டத்தில் கையெழுத்திடுவது யார், பாடம் நடத்துவது யார் என்ற கேள்விக்கு ஒரே பெயர் பதிலாக வராவிட்டால் பொறுத்திருப்பது நல்லது.

வெளிநாட்டில் குடியேறும் நோக்கத்தோடு எம்பிஏ தேடுகிறவருக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அமெரிக்காவில் படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி முழுநேர மாணவர் விசாவோடு இணைந்தது. அங்கே ஏற்கெனவே வேலை பார்ப்பவர்களை நம்பி நடக்கும் வார இறுதிப் படிப்பு அந்தக் கதவைத் திறக்காது.

மீதமிருப்பது வயது. இருபத்து நான்கில் இருப்பவருக்கு ஈராண்டு முழுநேரப் படிப்பின் சம்பள இழப்பு மிகச் சிறியது. நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. முப்பதை ஒட்டியவரிடம் நான் கேட்க நினைப்பது, இப்போதைய துறையில் பத்து ஆண்டு கழித்தும் இருக்க விருப்பமா என்பதை மட்டும். விருப்பமில்லை என்றால் வேலையை விட்டு ஓராண்டு படிக்கலாம். அதற்கான பணத்தைச் சேர்க்க இன்னும் இரண்டு ஆண்டு ஆனாலும் காத்திருந்து, அதையே செய்யலாம். விருப்பம் உண்டு என்றால் வார இறுதி வகுப்பு, அதுவும் சொந்த முடிவு எடுக்க இடமுள்ள பொறுப்புக்கு வந்தபிறகு. நாற்பதைக் கடந்து, பெரிய பொறுப்பில் இருந்துகொண்டு, எம்பிஏ இல்லாத குறையை மனதில் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பட்டம் இல்லாததால் தங்களுக்கு நின்றுபோன ஒரு பதவி உயர்வையோ கைநழுவிய ஒரு வேலையையோ அவர்களால் குறிப்பாகச் சொல்ல முடிந்தால் சேரட்டும். சொல்ல முடியாவிட்டால், வார இறுதிப் படிப்புக்கு ஆகும் அந்த 18 லட்சத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, தங்களுக்குத் தெரியாத அந்த ஒன்றிரண்டு பாடங்களை மட்டும் நல்ல ஆசிரியரிடம் போய்ப் படித்தால் போதும்.